மழைக்கால இரவில் ஒரு போத்தல் புகைக் கருப்பு பீர்: சுவைத்துப் பார்க்க முழுமையான வழிகாட்டி

விறகுப் புகையில் உலர்த்திய தானியத்தில் காய்ச்சிய கருப்பு பீரை முதன்முதலாக வாயில் வைப்பவர் முகம் சுளித்துவிட்டு, "என்னப்பா இது, கருவாட்டுச் சட்டி கழுவின தண்ணியா?" என்று கேட்பது வழக்கம். சுங்கை சிப்புட் மாதிரி ரப்பர் தோட்டங்களைச் சுற்றி உருவான பட்டணத்துக்காரர்கள் அப்படிக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். புகையை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? லயத்து வீட்டில் விறகடுப்பு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தோட்டத்து ஓரத்தில் ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் புகை போட்ட கொட்டகை என்று எல்லாம் பார்த்தவர்கள் நாம். அந்தக் கொட்டகையில் புகையிலிருக்கும் பீனால்கள் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காத்தன. இந்த பீரில் மணப்பதும் பீனால் வகைப் பொருள்கள்தான். விறகிலுள்ள லிக்னின் எரியும்போது குவாயக்கால், சிரிங்கால் ஆகிய சேர்மங்கள் பிறக்கின்றன. புகைவாசம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். (காயாத ஷீட்டின் நாற்றத்தை இதில் சேர்க்காதீர்கள், அது வேறு கதை.)

ஆகவே உங்கள் மூக்குக்கு இந்தப் பாடம் புதிதில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த பீரில் புகை எங்கே முடிகிறது, கருக்கல் (வறுத்த தானியத்தின் கருகல் சுவை) எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது. கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

தொடங்குமுன் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 2017 டிசம்பர் முதல் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2020-இல் சாலைப் போக்குவரத்துச் சட்டம் திருத்தப்பட்டபோது, வண்டி ஓட்டுபவரின் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கலாம் என்ற ஆல்கஹால் அளவு 80 மில்லிகிராமிலிருந்து 50-க்கு இறங்கியது. சுவைக்கும் இரவில் மோட்டார் சாவி வீட்டுக்காரம்மா கையில் இருக்கட்டும். இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் குடி என்றால் பல குடும்பங்களுக்குக் கள்ளுக்கடையும் சம்சு என்ற மலிவுச் சாராயமும்தான் நினைவுக்கு வரும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் இருந்தது. அந்த வரலாறு உள்ள வீட்டில் போத்தலைத் திறப்பதா வேண்டாமா என்பதை அந்த வீட்டாரே முடிவு செய்யட்டும். நான் சொல்லும் முறையில் ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸுக்கு மேல் தேவைப்படாது.

புகை எங்கிருந்து வந்தது

பார்லியை ஊறவைத்து, முளைகட்டவிட்டு, சூட்டில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். அந்தக் காலத்தில் உலர்த்த வெயில் போதாத நாடுகளில் விறகைத்தான் எரித்தார்கள். விறகு எரிந்தால் புகை தானியத்தில் ஏறாமல் இருக்குமா? எனவே ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பல பீர்களில் ஓரளவு புகை இருந்தது. புகை படாமல் சூடு மட்டும் கொடுக்கும் உலைகள் வந்ததும் அது மெல்ல மறைந்தது. ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் பாம்பெர்க் நகரம் பழக்கத்தை விடவில்லை. அங்கே ஷ்லெங்கெர்லா, ஸ்பெட்சியால் என்ற இரண்டு மதுக்கூடங்கள் இன்றும் தாங்களே மால்ட்டைப் புகை போட்டுக் காய்ச்சுகின்றன. பீச் (beech, பழம் தரும் பீச் அல்ல) மரம்தான் அவர்களுடைய வழக்கமான விறகு.

குளிர்காலத்துக்கும் இதற்கும் உள்ள உறவும் அங்கேதான். பவேரியாவில் 1553-இல் வந்த ஓர் ஆணை, கோடையில் பீர் காய்ச்சத் தடை விதித்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் அனுமதி. குளிர்பதனம் இல்லாத காலம் அது, வெயிலில் காய்ச்சினால் கெட்டுப்போகும். குளிர்மாதங்களுக்கென்று கூடுதல் காரமாக, அதாவது ஆல்கஹால் தூக்கலாகக் காய்ச்சும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஷ்லெங்கெர்லா கிறிஸ்துமஸை ஒட்டி, பீச்சுக்குப் பதில் ஓக் விறகுப் புகையில் 8 விழுக்காடு ஆல்கஹாலுடன் ஒன்று விடுகிறது. அமெரிக்காவின் அலாஸ்காவில் ஆல்டர் மரப் புகை போட்ட போர்ட்டர் என்ற கருப்பு பீர் ஒன்றை 1988 முதல் காய்ச்சி வருகிறார்கள். ஆல்டர் அந்த ஊரில் சால்மன் மீனுக்குப் புகை போடும் விறகு.

நமக்குப் பனி இல்லை. அக்டோபர், நவம்பரில் பேராக் பக்கம் பிற்பகல் மழை கொட்டித் தீர்த்துவிட்டு ஏழு மணிக்குத் தகரக் கூரை குளிர்ந்திருக்குமே, அந்த நேரம் போதும். கேமரன் மலையில் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்களுக்கு ஆண்டு முழுக்கவே இந்த பீருக்கு ஏற்ற இரவுதான்.

வாங்குவது

நம் பட்டணத்துக் கடையில் ஸ்டவுட் என்ற கருப்பு பீர் கிடைக்கும், புகை பீர் கிடைக்காது. ஈப்போவிலோ பினாங்கிலோ கோலாலம்பூரிலோ இறக்குமதி பீர் விற்கும் கடைக்குப் போகும்போது வாங்கி வர வேண்டும். லேபலில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் வகை. 'ரவுஹ்பியர்' என்றால் பாம்பெர்க் வழி: புகை முன்னால் நிற்கும், நிறம் அடர் பழுப்பு, கருக்கல் குறைவு. 'ஸ்மோக்ட் போர்ட்டர்', 'ஸ்மோக்ட் ஸ்டவுட்' என்றால் புகை மால்ட்டோடு கருக வறுத்த மால்ட்டும் சேர்ந்திருக்கும். கருப்பு நிறம் அந்த வறுவலால் வருவது, புகையால் அல்ல. போலந்தில் ஓக் புகை போட்ட கோதுமை மால்ட்டில் காய்ச்சும் குரோஜிஸ்கி வெளிர் மஞ்சளாகவே இருக்கும். கருப்பும் புகையும் தனித்தனிச் சமாச்சாரம், அதனால்தான் இரண்டையும் கிளாஸில் பிரித்துப் பார்க்க முடிகிறது.

இரண்டாவது, ஆல்கஹால் அளவு. விலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2016 மார்ச்சில் பீருக்கான கலால் வரியை, அதிலுள்ள சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்கிடத் தொடங்கினார்கள். அந்த 2016 கணக்கில் 330 மில்லிலிட்டர் போத்தல் 5 விழுக்காடாக இருந்தால் வரி ஏறத்தாழ 2 வெள்ளி 90 காசு, 9 விழுக்காடாக இருந்தால் 5 வெள்ளி 20 காசு என்றிருந்தது. கப்பல் கூலியும் கடைக்காரர் லாபமும் இதன்மேல் வரும். குளிர்கால பீர் ஏன் கையைக் கடிக்கிறது என்பதற்கு இது பாதி விளக்கம்.

மூன்றாவது, தேதி. இதில் கொஞ்சம் கறாராக இருங்கள். வெப்ப ஊரில் பீர் சீக்கிரம் கிழடு தட்டும். ஏர்கோன் இல்லாத தட்டில் மாதக்கணக்கில் நின்ற போத்தலை, விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கண்ணாடி பழுப்பு நிறமாக இருப்பது நல்லது, ஒளி உள்ளே போய் ஹாப்ஸை (பீருக்குக் கசப்பு தரும் பூ) கெடுப்பதை அது பெருமளவு தடுக்கும். வீட்டுக்கு வந்ததும் போத்தலை நிற்கவைத்தே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். காரமான புகை பீர்களை ஆண்டுக்கணக்கில் பதுக்கி முதிரவைப்பவர்கள் குளிர் நாடுகளில் உண்டு. நம் ஸ்டோர் ரூமில் அதைச் செய்தால் மிஞ்சுவது கிச்சாப் (சோயா சாஸ்) வாசம்தான்.

கூடவே உள்ளூர் ஸ்டவுட் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வீட்டைத் தயார் செய்வது

வெளிநாட்டு வழிகாட்டிகள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வீட்டில் கொசு இல்லை. கொசுவத்தி எரியும் அறையில் புகை பீரைச் சுவைக்க முடியாது. எந்த வாசமும் சில நிமிடம் தொடர்ந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். புகை சூழ்ந்த அறையில் உட்கார்ந்தால் கிளாஸில் உள்ள புகை காணாமல் போகும். எனவே கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் அன்று மாலை வேண்டாம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிட்டால் வீட்டில் சண்டையும் வராது. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொளுத்தினாலோ, ஜெரெபு புகைமூட்டம் வந்திருந்தாலோ இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மழை பெய்து காற்று கழுவப்பட்ட இரவுதான் சரி. மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள், ஆனால் கிளாஸுக்கு நேராக வேண்டாம். மேலே நிற்கும் மணத்தை அது அடித்துக்கொண்டு போய்விடும்.

வாய்க்கும் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெற்றிலை, சிகரெட், கோப்பி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். சம்பல் வைத்துச் சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், சாதம், பருப்பு, கொஞ்சம் தயிர் போதும்.

கிளாஸ் விஷயத்தில் வாய் குறுகி வயிறு அகன்ற ஒயின் கிளாஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் எந்தச் சின்னக் கண்ணாடிக் கிளாஸும் ஆகும், பிளாஸ்டிக் கப் மட்டும் கூடாது. பாத்திரம் கழுவும் சோப்பு ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து வையுங்கள். பிறகு வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். அலமாரி வாசம் வந்தால் இன்னொரு முறை அலசுங்கள்.

சூடும் ஊற்றுவதும்

"தம்பி, ஐஸ் போடலையா?" என்று பெரியப்பா கேட்பார். மரியாதையாக மறுத்துவிடுங்கள். நம் நாட்டில் லாகர் பீருக்கு ஐஸ் கட்டி போடுவது வழக்கம்தான், அந்த வெயிலுக்கு அது நியாயமும்கூட. இங்கே ஐஸ் இரண்டு கெடுதல் செய்யும். ஒன்று, தண்ணீராகி பீரின் உடம்பை, அதாவது கெட்டித்தன்மையை, நீர்க்கவைக்கும். மற்றது, குளிரில் மணப்பொருள்கள் எழும்பாது. 4 டிகிரி செல்சியஸில் இந்த பீர் கசப்பும் கரியுமாகத்தான் இருக்கும். 10 முதல் 13 டிகிரிக்குள் வந்தால்தான் மால்ட்டின் இனிப்பு தலை தூக்கும்.

வெப்பமானி தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து ஒரு கால் மணி நேரம் விடுங்கள். நம் அறைச் சூட்டில் அதற்குமேல் விட்டால் எல்லை தாண்டிவிடும். கொஞ்சம் சீக்கிரம் திறந்துவிட்டாலும் பாதகமில்லை, கிளாஸில் சூடேறும்போது மாறுவதைக் கவனிப்பதே பாதி சுவாரசியம்.

ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி, இரண்டு விரல் நுரை வரவிடுங்கள். மூன்றில் ஒரு பங்கு நிரம்பினால் போதும், மேலே உள்ள காலி இடம் மணம் தங்குவதற்கு. ஒரு போத்தலை இருவரோ மூவரோ பகிருங்கள். 9 விழுக்காட்டு 330 மில்லிலிட்டரில் சுமார் 23 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதே அளவுள்ள 5 விழுக்காட்டு பீரில் இருப்பது 13 கிராம்தான். மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 8 கிராம்கூட வராது.

வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரிந்தால் பழுப்பு மால்ட் அதிகம், எதுவும் தெரியாமல் கன்னங்கரேல் என்றிருந்தால் வறுத்த மால்ட் அதிகம். இதற்குமேல் நிறத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

முகர்வது

முதல் முகர்வு குட்டையாக இருக்கட்டும். கிளாஸை மூக்கருகே கொண்டுவந்து ஒரே இழுப்பு, உடனே விலக்குங்கள். நீண்ட மூச்சாக இழுத்தால் புகை மூக்கை நிரப்பிவிடும், மற்ற வாசங்கள் எதுவும் எட்டாது. முதலில் தோன்றியதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். "பேக்கன்", "கேம்ப்ஃபயர்" என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதியதைப் பார்த்துக் காப்பியடிக்க வேண்டாம். நெகிரி செம்பிலான் பக்கம் கிடைக்கும், புகை போட்ட சலாய் வாத்து நினைவுக்கு வந்தால் அதையே எழுதுங்கள், பீச் புகைக்கு அது அருமையான அடையாளம். மாசிக் கருவாடா, விறகடுப்பு வெந்நீரா, அதுவும் சரி. பழைய எஸ்டேட் ஆஸ்பத்திரியில் காயத்துக்குத் தடவிய டிஞ்சர் வாசம் வந்தால், பீட் என்னும் கரிமண் புகை போட்ட மால்ட் கலந்திருக்கலாம். ஸ்காட்லாந்து விஸ்கி சிலவற்றில் வரும் மணம் அது. எனக்கு பீட் பீரில் அவ்வளவு இஷ்டமில்லை, மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடுகிறது.

இப்போது கிளாஸை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நல்ல காற்றை இழுத்துவிட்டு வாருங்கள். இரண்டாவது முகர்வில் புகை கொஞ்சம் பின்வாங்கியிருக்கும். அதன் பின்னாலிருந்து வருவதைப் பிடியுங்கள்: சீனர் கோப்பிக்கடை கோப்பி ஓ (பால் விடாத கோப்பி), குலா மெலாக்கா வெல்லம், பேரீச்சை, கருப்பு சாக்லேட். சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுத்த நம் உள்ளூர்க் கோப்பிக்கொட்டைக்கும் வறுத்த மால்ட்டுக்கும் உள்ள ஒற்றுமை, இங்கே வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

பாம்பெர்க்கில் முதல் கிளாஸ் விநோதமாக இருக்கும், போகப் போகத்தான் பிடிக்கும் என்பார்கள். அதற்கும் மூக்கு பழகிப்போவதுதான் காரணம். அடுத்தடுத்து கிளாஸ் ஊற்றி அந்த இடத்துக்குப் போக வேண்டியதில்லை, அதே கிளாஸோடு பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்தாலே மால்ட் முன்னுக்கு வந்துவிடும்.

வாயில் வைப்பது

முதல் மடக்கை மதிப்பிடாதீர்கள், அது வாயைப் பழக்கத்தான். இரண்டாவது மடக்கை ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, நாக்கின் எல்லாப் பக்கமும் படும்படி சில விநாடி வைத்திருந்து விழுங்குங்கள். பீரைத் துப்பினால் கடைசியில் வரும் கசப்பு சரியாகத் தெரியாது என்பார்கள், அதனால் கொஞ்சமாவது விழுங்கத்தான் வேண்டும். விழுங்கியதும் வாயை மூடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். புகை இரண்டாவது தடவையாக, தொண்டைப் பக்கமிருந்து ஏறும். முகரும்போது வந்த புகைக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கும், இது சாம்பல் குறைந்து இனிப்போடு வரும்.

இனித்தான் முக்கியமான சோதனை. மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு மூன்றாவது மடக்கு எடுங்கள். புகை முழுசாக மறைந்துவிடும். வாயில் மிஞ்சியிருப்பது கசப்பு, இனிப்பு, மெல்லிய புளிப்பு, துவர்ப்பு. விரலை விட்ட மறுகணம் புகை திரும்பி வரும். ஆக, நாக்கில் நின்ற கசப்பும் புளிப்பும் வறுத்த மால்ட்டும் ஹாப்ஸும் தந்தவை, விரலை விட்டபோது வந்தது விறகு. "கருகின சுவை" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்த இரண்டும் அவிழ்ந்து தனித்தனியே நிற்கும். இந்த ஒரு சோதனையைச் செய்தவர் அதற்குப் பிறகு புகை பீரை எங்கே குடித்தாலும் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

உள்ளூர் ஸ்டவுட் இப்போதுதான் வேண்டும். வேறொரு கிளாஸில் இரண்டு மடக்கு ஊற்றி, மூக்கைப் பிடித்தும் விட்டும் குடித்துப் பாருங்கள். விரலை விடும்போது கோப்பி வரும், விறகு வராது. பிறகு புகை பீருக்குத் திரும்புங்கள். இரண்டையும் யாராவது கண்ணில் படாமல் மாற்றிவைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது, வீட்டில் உள்ள பிள்ளைகள் இந்த வேலையை ஆசையாகச் செய்வார்கள் என்றாலும் பெரியவர் யாரையாவது கூப்பிடுங்கள்.

வாயில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். கெட்டியாகப் படிகிறதா, தண்ணீராக ஓடிவிடுகிறதா? காரமான குளிர்கால பீரில் ஆல்கஹால் நெஞ்சில் மெல்லிய சூடாகத் தெரிய வேண்டும், எரியக் கூடாது. தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) அதிகம் ஊறினால் ஈறில் பிடிக்கும் துவர்ப்பு இதிலும் கொஞ்சம் இருக்கலாம். அதுவே கடைசிவரை நின்றால் காய்ச்சியவர் கைப்பிழை.

கெட்டுப்போனது எது, குணம் எது

புகை பீரில் குறையைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் புகையே பல குறைகளை மூடிவிடும். கிருமிநாசினி அல்லது சுட்ட பிளாஸ்டிக் வாசம் வந்தால் அது விறகு தந்தது இல்லை, தண்ணீரிலுள்ள குளோரினோ வேண்டாத ஈஸ்ட்டோ செய்த வேலையாக இருக்கும். திறந்ததும் நுரை பொங்கி வழிந்து, வாயில் மோர்ப் புளிப்பு அடித்தால் கிருமி புகுந்திருக்கிறது, கொட்டிவிடுங்கள். கிச்சாப்பும் ஷெரி ஒயினும் கலந்த வாசம் முதுமையின் அடையாளம். கொஞ்சமாக இருந்தால் அழகு, தூக்கலாக இருந்தால் போத்தல் வெயிலில் நின்றிருக்கிறது.

கடிக்க என்ன

பாதி கிளாஸ்வரை எதுவும் சாப்பிடாமல் குடியுங்கள், பிறகு தட்டைக் கொண்டுவாருங்கள். மிளகாய்க் காரத்தைக் கரியமில வாயுவும் ஆல்கஹாலும் ஏற்றிவிடும், அதனால் காரப் பிரட்டல் இதற்கு எதிரி. மிளகு தூக்கலாகப் போட்ட ஆட்டிறைச்சி வறுவல் பொருந்தும். கச்சான் (நிலக்கடலை) சாஸோடு, கரியில் சுட்ட சாத்தே இறைச்சி மிகப் பொருத்தம், இரண்டு பக்கமும் கரி நெருப்பு இருக்கிறது. தீபாவளிக்குச் சுட்ட அதிரசம் மிச்சமிருந்தால் அதுவும் நன்றாக இருக்கும், வெல்லப் பாகு புகையோடு சேர்ந்தால் குலா மெலாக்கா பக்கம் போய்விடும். நெத்திலிக் கருவாடு வேண்டாம். உப்பும் புகையும் சேர்ந்து, முதலில் சொன்ன கருவாட்டுச் சட்டிக் குற்றச்சாட்டை உண்மையாக்கிவிடும்.

மிச்சம்

போத்தலில் மிஞ்சினால் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் ஒரு மடக்கு பாருங்கள். காற்று போயிருக்கும், புகை அவ்வளவாகப் போயிருக்காது. குடிக்கப் பிடிக்கவில்லையென்றால் ஆட்டிறைச்சிப் பிரட்டலில் தண்ணீருக்குப் பதில் அரை கப் ஊற்றுங்கள். வெங்காயமும் மசாலாவும் வதங்கிய பிறகு ஊற்ற வேண்டும், மொத்தத்தையும் வற்றவைக்கக் கூடாது. வற்றினால் கசப்பு ஏறிவிடும். ஏறிவிட்டதென்று தோன்றினால் கடைசியில் ஒரு கரண்டி தேங்காய்ப்பால் விட்டு இறக்குங்கள்.